கரிமேட்டுச் செதிலில் புரதம் எடுத்த கதை

அப்பா பாம்பனில் கடல் அட்டை அவித்தவர்; கடல் தரையில் ஊரும், வெள்ளரிக்காய் போன்ற உடல் கொண்ட உயிரி அது. கரையோரம் இரும்புக் கொப்பரை, விறகுப் புகை, அதற்கு மேல் ஒரு கனத்த உப்பு வாடை. என் சிறுவயது நினைவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2001-ல் கடல் அட்டைகள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. பிடித்தாலோ வைத்திருந்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அப்பா அன்றைக்கே கொப்பரையைக் கவிழ்த்துவிட்டு நண்டு வலைக்குப் போனார். இப்போது என்னோடு மதுரையில் ஆரப்பாளையத்தில் இருக்கிறார். இரண்டு முட்டியிலும் வலி.

சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா மகன் போனில் கேட்டான்: "பெரியப்பா, இங்க அட்டைப் புரதம்னு பொடியா விக்கிறாங்க, முட்டிக்கு நல்லதாம். வாங்கிட்டு வரவா?"

"வேண்டாம்யா. அதுக்கு வேற கேஸ் ஆகும்" என்று அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டார். பிறகு சாப்பிடும்போது கேட்டார்: "அவ்வளவு வருஷம் அவிச்சு அனுப்புனோம், நாங்க ஒருத்தரும் வாயில வச்சதில்ல. அப்படி என்னத்தா இருக்கு அதுல?"

நான் பள்ளியில் வேதியியல் எடுப்பவள். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தேடிப் படித்தேன். படித்ததைச் செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். ஆறு தடவை செய்த அந்த வேலையின் பதிவு இது.

அட்டையின் உடல் பெரும்பாலும் தண்ணீர்தான். காய்ந்தபின் மிஞ்சுவதில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ புரதம். அந்தப் புரதத்தில் பெரும்பங்கு, உடற்சுவரில் சுமார் 70 சதவீதம் வரை, கொலாஜன். ஆட்டுக்கால் பாயா குடித்தபிறகு உதடு ஒன்றோடொன்று ஒட்டுமே, அந்த ஒட்டல் கொலாஜன் உருகிய ஜெலட்டினால் வருவது. தோல், எலும்பு, குருத்தெலும்பு, தசைநார் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் நார்ப்புரதம் இது. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று அதன் வடிவத்தைச் சொன்னவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்; ஆண்டு 1954. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மூன்று நூலை முறுக்கிக் காட்டுவேன். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார்ந்தால்தான் மூன்று இழையும் அவ்வளவு நெருக்கமாகச் சேர முடியும்.

அட்டைக்கென்று வேறு பொருள்களும் உண்டு. சோப்பு போல நுரைக்கும் சப்போனின்கள் உண்டு, சல்பேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவற்றைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கண்ணாடிக் குழாயிலும் எலியிலும் நடந்தவை. ஆனால் "அட்டைப் புரதம்" என்று உணவில் சேர்க்க விற்கும் பொடியின் பெரும்பகுதி கொலாஜனும் அதை நொதி (என்சைம்) கொண்டு உடைத்த துண்டுகளும்தான். கொலாஜன்தான் வேண்டும் என்றால், கரிமேடு மீன் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அது காலுக்கடியில் மிதிபடுகிறது. மீன் செதில் என்பது பாதி கொலாஜன், பாதி எலும்பில் இருக்கும் அதே கால்சியம் பாஸ்பேட்.

செதில் வாங்கியது

விரால் செதில் சின்னது, கெளுத்திக்குச் செதிலே கிடையாது, அயிரையைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெரிய, தடித்த செதில் என்றால் கட்லாவும் ரோகுவும்தான். மதுரையில் இந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை. அணையிலிருந்தும் கண்மாயிலிருந்தும் வருகிறது, ஆந்திராவிலிருந்து ஐஸ் போட்ட பெட்டியிலும் வருகிறது. வழக்கமாக எங்களுக்கு மீன் வெட்டித் தருகிற அண்ணனிடம் ஒரு மூடி போட்ட வாளியைக் கொடுத்தேன்.

"அண்ணே, கட்லா, ரோகு செதில் மட்டும் இதுல போட்டு வைங்க. குடல், செவுள் கலக்க வேண்டாம்."

"செதிலையா? என்ன செய்யப் போறீங்க டீச்சரம்மா, ரோஜாச் செடிக்கா?"

"சாப்பிடுறதுக்கு."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதன் பிறகு எனக்குச் செதில் தருவதில் அவருக்கு ஒரு தனி அக்கறை வந்துவிட்டது. வாளியில் தானாகவே இரண்டு கை ஐஸ் போட்டு வைக்க ஆரம்பித்தார். அது எவ்வளவு பெரிய உதவி என்பது முதல் தடவை கெட்டுப்போனபிறகுதான் எனக்கே புரிந்தது.

ஒரு கிலோ ஈரச் செதிலைக் குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்புப் போட்டு நாலு தடவை அலசினேன். வழுவழுப்பு போகிறவரை அலச வேண்டும். அதில்தான் வாடை இருக்கிறது. மொட்டை மாடியில் ஒருநாள் வெயில் போதும், கலகலவென்று ஆகிவிடும். ஒரு கிலோ காய்ந்து 420 கிராம் நின்றது. இப்படிக் காயவைத்த செதிலை டப்பாவில் போட்டு வைத்து, 100 கிராம் 100 கிராமாக எடுத்து வேலை செய்தேன். பள்ளி ஆய்வகப் பாத்திரம் எதையும் தொடவில்லை. வாய்க்குப் போகிற பொருளை அமிலமும் ஈய உப்பும் புழங்கிய குடுவையில் செய்யக் கூடாது.

கெட்டுப்போன மூன்று தடவை

செதிலிலிருந்து சுண்ணாம்புச் சத்தை முதலில் கழற்ற வேண்டும். பிறகுதான் கொலாஜன் தண்ணீருக்குள் வரும். கழற்றுவதற்குச் சிட்ரிக் அமிலம், அதாவது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கொடுப்பார்களே அது. முதல் தடவை ஊறவைத்த பாத்திரத்தை அடுப்படி மேடையிலேயே விட்டுவிட்டேன். மே மாதம். மறுநாள் காலையில் செதில்கள் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டி, தண்ணீர் கஞ்சி மாதிரி ஆகி, நாற்றம்.

அப்பா எட்டிப் பார்த்தார். "அட்டையும் இப்படித்தான். பிடிச்சு வெயில்ல போட்டுட்டு வேற வேலை பார்த்தா அரைமணி நேரத்துல கூழா உருகிரும். அதான் படகுல இருந்து இறக்குன உடனே கொப்பரைக்குப் போயிரும்."

அட்டை உருகுவது அதன் உடம்பிலேயே உள்ள நொதிகளால். என் செதில் உருகியது சூட்டினால். கொலாஜனின் மூன்றிழை முறுக்கு, வெப்ப நாட்டு மீன்களிலும்கூட முப்பத்தைந்து டிகிரியை ஒட்டிப் பிரிந்துவிடும். அமிலத்தில் ஊறும்போது இன்னும் சீக்கிரம் பிரியும். மதுரையில் மே மாத அடுப்படி அந்தச் சூட்டை மதியமே தொட்டுவிடுகிறது. எனவே ஊறவைக்கும் வேலை முழுவதும் ஃபிரிட்ஜுக்குள் நடக்க வேண்டும். மாவுச் சட்டியை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தைச் செதிலுக்குக் கொடுத்தேன்.

இரண்டாம் தடவை ஃபிரிட்ஜில் வைத்தேன், ஆனால் அமிலத்தைக் கணக்கில்லாமல் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. மறுநாள் செதில் மேலெல்லாம் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. கரைந்து வெளிவந்த கால்சியம், அமிலம் போதாமல் போனதும், சிட்ரேட்டோடு சேர்ந்து கால்சியம் சிட்ரேட்டாகத் திரும்பப் படிந்துவிட்டது. காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். 100 கிராம் காய்ந்த செதிலில் 40 கிராம் கால்சியம் பாஸ்பேட் என்று வைத்தால், அதைக் கரைக்க மட்டுமே ஏறக்குறைய 100 கிராம் சிட்ரிக் அமிலம் வேண்டும். திரும்பப் படியாமல் இருக்க அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். பத்தாம் வகுப்பில் நான் தினம் சொல்லிக்கொடுக்கிற மோல் கணக்கு. போடாமல் விட்டதற்கு வருத்தப்பட்டேன்.

இங்கே ஒன்று கவனித்தேன். செதிலை அமிலத்தில் போட்டால் நுரை பெரிதாக வராது, ஓரிரண்டு குமிழி எழும்பி அடங்கிவிடும். பாஸ்பேட் சத்தமில்லாமல் கரையும். அட்டையின் தோலில் இருக்கும் நுண்ணிய முட்கள் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அவை பொங்கும். பாம்பனில் அமிலமெல்லாம் இல்லை. அவித்த அட்டையை ஈர மணலில் குழி தோண்டிப் புதைத்து, மறுநாள் எடுத்துத் தேய்த்தால் சுண்ணாம்பேறிய மேல்தோல் மணலோடு உரிந்துவிடும். மணலுக்குள் இருக்கிற நுண்ணுயிர்கள் மேல்தோலை இளக்கிக் கொடுத்தன. பிறகு மறுபடி அவித்து, வெயிலில் கல்லாகும்வரை காயவைப்பார்கள். வேறு வேறு வழி, இரண்டிலும் வேலை ஒன்று: சுண்ணாம்பைக் கழற்றிக் கொலாஜனை மிச்சம் வைப்பது.

மூன்றாம் தடவை எல்லாம் சரியாக வந்து, கடைசியில் அவசரப்பட்டேன். சாறு இறக்கும்போது குக்கரில் வைத்து மூன்று விசில் விட்டேன். சாறு நிறைய வந்தது. பழுப்பு நிறம், மீன் குழம்பு வாடை, ஃபிரிட்ஜில் வைத்தால் உறையவே இல்லை. நீண்ட சங்கிலிகள் அந்தச் சூட்டில் துண்டு துண்டாக அறுந்துவிட்டன. சங்கிலி நீளம் போனால் வலை பின்ன முடியாது. வலை இல்லாவிட்டால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது.

சரியாக வந்த முறை

நாலாவது தடவையிலிருந்து இப்படித்தான் செய்கிறேன்.

வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் வடித்து எடுத்துக்கொள்கிறேன். அதில் 100 கிராம் செதிலைப் போட்டு ஓர் இரவு ஃபிரிட்ஜில். கொலாஜன் அல்லாத புரதமும் கொஞ்சம் கொழுப்பும் இதில் கழன்றுவிடும், வாடை பாதியாகக் குறையும். தோல் பதனிடுகிறவர்களும் ஜெலட்டின் செய்கிறவர்களும் சுண்ணாம்பில் ஊறப்போடுவது பழைய வழக்கம். கையுறை கட்டாயம். தெளிந்த சுண்ணாம்பு நீர் பார்க்கக் குடிதண்ணீர் மாதிரி இருக்கும், கண்ணில் தெறித்தால் கண்ணைக் கெடுக்கும். பாத்திரத்தின் மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன்.

அடுத்து நன்றாக அலசிவிட்டு, இரண்டு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சிட்ரிக் அமிலம். எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பழைய கரைசலைக் கொட்டிப் புதிது. இப்படி மூன்று மாற்று, முழுக்க ஃபிரிட்ஜில். மூன்றாம் மாற்றில் செதிலின் நடத்தையே மாறிவிடும். விறைப்பு போய், கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒளி ஊடுருவி, விரலில் எடுத்தால் ஓரம் சுருண்டுகொள்ளும். இரு விரலால் மடித்தால் முறியாமல் மடங்க வேண்டும். எங்காவது கறுக்கென்று முறிந்தால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. பிறகு பிஎச் தாள் ஆறு காட்டுகிறவரை குளிர்ந்த தண்ணீரில் அலசல். இந்த அலசல்தான் கைவலிக்கிற வேலை, ஏழெட்டுத் தடவை ஆகும்.

மென்மையான செதிலோடு 700 மில்லி தண்ணீர் சேர்த்து, இட்லிச் சட்டிக்குள் தண்ணீர் ஊற்றி அதற்குள் இந்தப் பாத்திரத்தை இறக்கி, சமையல் வெப்பமானி 60 டிகிரியில் நிற்கும்படி சின்னத் தீ. ஐந்து மணி நேரம். இந்த ஐந்து மணி நேரமும் அப்பாதான் காவல். அறுபத்தைந்துக்கு ஏறினால் அடுப்பை அணைப்பார், ஐம்பத்தெட்டுக்கு இறங்கினால் ஏற்றுவார். கொப்பரையின் கொதியை உள்ளங்கை காட்டிக் கணித்த மனிதர், வெப்பமானியை அவ்வளவு நம்பவில்லை. இரண்டு தடவை கையையும் காட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினால் லேசான வைக்கோல் நிறத்தில் சாறு. ஐந்து நிமிடம் 80 டிகிரிக்கு ஏற்றி இறக்குகிறேன். காயும்வரை கிருமி பெருகாமல் இருக்க அது வேண்டும்.

காயவைப்பதில் இன்னொரு பாடம் கிடைத்தது. உறையவைத்து, துண்டுபோட்டு, தட்டில் பரப்பிக் காயவைக்கலாம் என்று நினைத்து மாடிக்கு எடுத்துப் போனேன். கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்குள் உருகித் தட்டில் ஓடியது. கட்லா, ரோகு ஜெலட்டின் இருபத்தைந்தைத் தாண்டிய சூட்டில் இளக ஆரம்பித்துவிடும். குளிர்கடல் மீனான காட் ஜெலட்டின் பத்து டிகிரியிலேயே உறைய மறுக்கும், அதற்கு இது எவ்வளவோ தேவலை. வெதுவெதுப்பான தண்ணீரில் வாழும் மீனின் கொலாஜனில் புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலங்கள் கூடுதல், அதனால் முறுக்கு கொஞ்சம் உறுதி. மாட்டு ஜெலட்டின் முப்பதுக்கு மேலும் நிற்கும். மதுரை வெயிலில் எதுவும் நிற்காது.

அப்புறம் அம்மா கூழ் வத்தல் ஊற்றியது நினைவுக்கு வந்தது. உறையவைக்காமல், சாறை மூன்று அகன்ற எவர்சில்வர் தட்டுகளில் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு மட்டும் ஊற்றி, மேலே வெள்ளைத் துணி கட்டி, காலை பதினொரு மணிக்கு வெயிலில் வைத்தேன். ஐந்து மணிக்கு ஓரத்தில் நகத்தால் நெம்பினால் வத்தல் மாதிரி முழுத்தட்டும் ஒரே ஏடாகக் கிளம்பி வந்தது. ஒடித்து மிக்ஸியில் பொடித்தேன். 100 கிராம் செதிலுக்கு 18 கிராம்.

தோழி ஒருத்தி வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சிட்டிகையைக் கொடுத்து நைட்ரஜன் பார்க்கச் சொன்னேன்; நைட்ரஜன் அளவை ஓர் எண்ணால் பெருக்கித்தான் புரதத்தைக் கணிப்பார்கள். நைட்ரஜன் 15.5 சதவீதம். அவர்கள் வழக்கம்போல 6.25-ஆல் பெருக்கி 97 சதவீதம் புரதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஈரப்பதம் 10.4, சாம்பல் 1.6. கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. ஜெலட்டினில் நைட்ரஜன் மற்றப் புரதங்களைவிடக் கூடுதல், ஆகவே 5.55-ஆல் பெருக்க வேண்டும், அப்போது 86. கொலாஜன் பொடி வாங்குகிறவர்கள் டப்பாவில் புரத அளவைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

உணவில் சேர்த்துப் பார்த்தது

முதலில் உறைதிறன். ஜெலட்டின் தொழிலில் 6.67 சதவீதக் கரைசலை 10 டிகிரியில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் உறையவைத்து அழுத்திப் பார்ப்பார்கள். நான் 70 மில்லிக்கு 5 கிராம் போட்டு, கடையில் வாங்கிய ஜெலட்டினையும் அதே அளவில் இன்னொரு டம்ளரில் ஊற்றி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். மேலே ஒரு ரூபாய்க் காசைப் படுக்க வைத்து, அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கினேன். என்னுடையது ஆறாவது காசில் பிளந்தது. கடைச் சரக்கு பத்து காசையும் தாங்கியது. இரண்டையும் கூடத்து மேசையில் வைத்தேன். என்னுடையது கால் மணி நேரத்தில் தண்ணீர். பக்கத்தில் வைத்த கடற்பாசித் துண்டு அசையாமல் இருந்தது, அது உருக எண்பது டிகிரிக்கு மேல் வேண்டும்.

இதை வைத்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஜிகர்தண்டாவில் கடற்பாசிக்கோ பாதாம் பிசினுக்கோ இது மாற்று ஆகாது. பிசின் கோந்து இனம், தண்ணீரைக் குடித்து உப்பி நிற்கும், வாயில் தட்டுப்படும். மீன் ஜெலட்டினின் குணமே வாயில் கரைவதுதான். அதனால் மேலே போடும் ஐஸ்கிரீமில் போட்டேன். சுண்டக் காய்ச்சிய ஒரு லிட்டர் பாலுக்கு 5 கிராம். சாதாரணமாக வீட்டில் செய்கிற ஐஸ்கிரீம் இரண்டு நாளில் நறநறவென்று ஐஸ் கட்டிக்கொள்ளும். இது ஐந்தாம் நாளும் கரண்டியில் வழவழப்பாக வந்தது. தண்ணீர் பெரிய படிகமாகச் சேராமல் புரதச் சங்கிலிகள் தடுத்துவிடுகின்றன. ஏலக்காய் போட்டும் லேசான மீன் வாடை எனக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ஆறாவது தடவையில் சுண்ணாம்பு நீரை இரண்டு மாற்று வைத்தபிறகு எனக்கும் தெரியவில்லை.

மனசுக்குப் பிடித்தது கோலா உருண்டைதான். ஜெலட்டினைக் கெட்டியாகக் கரைத்து உறையவைத்து, உளுந்து அளவுக்குப் பொடியாக நறுக்கி, அரைத்த கறியோடு பிசைந்து உருட்டினேன். எண்ணெயில் வேகும்போது உள்ளே அது உருகிச் சாறாகிறது, வெளியே மொறுமொறு, கடித்தால் உள்ளே ஈரம். முதல் ஈடில் ஆசைப்பட்டுக் கூடுதலாகப் போட்டதால் நாலு உருண்டை எண்ணெயில் வெடித்தன. அரைக்கிலோ கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி உறைந்த துண்டுக்கு மேல் வேண்டாம். பொட்டுக்கடலை மாவைக் குறைக்கவும் கூடாது, பிடிமானம் அதனுடையது.

பப்பாளிப் பால்

அட்டையிலிருந்தும் மீன் தோலிலிருந்தும் வெளிநாட்டில் எடுக்கும் பொடி பெரும்பாலும் உறையாத வகை. நொதி போட்டு நீண்ட சங்கிலியைச் சின்னச் சின்னப் பெப்டைடுகளாக வெட்டிவிடுவார்கள். அப்படி வெட்டியது குளிர்ந்த தண்ணீரிலும் கரையும், மோரிலும் கலக்கும். நமக்கு அந்த நொதி தெரியாததில்லை. முற்றிய ஆட்டுக்கறி வேக, பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதிலுள்ள பப்பைன்தான்.

பின்வீட்டுப் பப்பாளிக்காயைக் கீறி இருபது சொட்டுப் பால் எடுத்து, ஐந்து சதவீத ஜெலட்டின் கரைசல் 200 மில்லியில் விட்டு, 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். பப்பைனுக்குப் பிடித்த சூடு அது. பிறகு பத்து நிமிடம் கொதிக்கவிட்டு நொதியை அடக்கினேன். பால் விடாத இன்னொரு கிண்ணமும் பக்கத்திலேயே அதே சூட்டில், அதே கொதியில். காலையில் ஃபிரிட்ஜைத் திறந்து இரண்டையும் சாய்த்தேன். பால் விடாதது அசையவில்லை. விட்டது தண்ணீர் போல ஓடியது. எந்தக் கருவியும் இல்லாமல், சங்கிலி அறுந்துவிட்டது என்று கண்ணால் பார்க்கக் கிடைத்த அந்த நிமிடம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டு மறுபடி சாய்த்துக் காட்டினேன்.

சுவை லேசான கசப்பு. நன்னாரி சர்பத்தில் மறைந்துவிடுகிறது, மோரில் மறையவில்லை, கம்பங்கூழில் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் தெரியவில்லை. பப்பாளிப் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, மீன் ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு. அவர்களுக்கு இது ஆகவே ஆகாது. ஐஸ்கிரீம் கொடுக்கும்போது, இதில் மீன் இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்லிவிட்டுத்தான் கிண்ணத்தை நீட்டினேன். எதிர்வீட்டு அத்தை சைவம், அவர்களுக்கு வெறும் பால் ஐஸ்.

அப்பாவின் கேள்விக்கு

இந்தப் புரதத்தைப் பெரிதாக நினைத்துக்கொண்டு பருப்பையும் முட்டையையும் விட்டுவிடக் கூடாது. டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் ஜெலட்டினில் அறவே கிடையாது. இதை மட்டுமே புரதமாகச் சாப்பிட்டால் உடம்புக்கு ஊட்டக் கணக்கில் மதிப்பு பூஜ்யம். அட்டையிலும் அதே அமிலம் குறைவுதான். பாசிப்பயறும் பாலும் முட்டையும் இருக்கிற சாப்பாட்டில் மேலதிகமாகச் சேர்ந்தால் கணக்குக்கு வரும். சாப்பிட்ட கொலாஜன் நேராக முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்வதும் இல்லை. குடலில் அமினோ அமிலமாகவும் சின்னத் துண்டாகவும் உடைந்துதான் ரத்தத்தில் ஏறும். நம் உடம்பு புதிதாகக் கொலாஜன் நெய்ய வைட்டமின் சி வேண்டும். அதற்கு அழகர்கோவில் பக்கமிருந்து வரும் நெல்லிக்காய் இருக்கிறது.

முட்டிவலிக்குக் கொலாஜன் பெப்டைடு கொடுத்துப் பார்த்த சோதனைகள் இருக்கின்றன. பலன் ஒரே மாதிரி வரவில்லை. அப்பாவிடம் இதை அப்படியே சொன்னேன். பொடி இருக்கிற நாள்களில் ஒரு டம்ளர் கூழில் 8 கிராம் சேர்த்துக்கொள்கிறார், மருத்துவர் சொன்ன கால் பயிற்சியை விடாமல் செய்கிறார். வலி குறைந்ததா என்று நான் கேட்பதில்லை, எதனால் குறைந்தது என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

செலவையும் சொல்லிவிட வேண்டும். 18 கிராம் பொடிக்கு 300 கிராம் எலுமிச்சை உப்பு, ஐந்து மணி நேர கேஸ், வாளி வாளியாகத் தண்ணீர். கடையில் வாங்கும் ஜெலட்டின் இதைவிட மலிவு. வீட்டளவில் இது கட்டுப்படியாகாது, தண்ணீர்ச் செலவுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கடைசி அலசல் தண்ணீரை அடுத்த தடவையின் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன். அமிலக் கழிவைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. மீந்த சுண்ணாம்பைக் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிகிறது, அதில் செதிலிலிருந்து வந்த பாஸ்பேட் இருக்கிறது. காயவைத்து மல்லிகைத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறேன். விற்கிற எண்ணம் இல்லை. விற்பதானால் உணவுப் பாதுகாப்பு உரிமம், கன உலோகச் சோதனை, அசைவக் குறி, மீன் ஒவ்வாமை எச்சரிக்கை எல்லாம் வேண்டும், வேண்டியதுதான்.

ஒருநாள் சாயங்காலம் தட்டிலிருந்து ஏட்டை உரித்துக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் தூத்துக்குடி மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றிச் சொன்னேன். வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்க முடியும் என்று 1988-லேயே அங்கே செய்து காட்டியிருக்கிறார்கள். அவருக்கு அது தெரியாது. தான் அவித்துக்கொண்டிருந்த அதே வருஷங்கள். கொஞ்ச நேரம் ஏட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குஞ்சு எவ்வளவு பெருசு இருக்கும்?"

"ஆரம்பத்துல கண்ணுக்கே தெரியாதாம்ப்பா."

"மண்ணைத் தின்னு மண்ணையே கழியும் அது. அது நகர்ந்த இடத்துல தரை சுத்தமா இருக்கும், முங்கிப் பார்த்தாத் தெரியும். நாங்க எடுத்து எடுத்து கடைசி வருஷமெல்லாம் ரொம்ப ஆழம் போனாத்தான் கிடைச்சுது."

இந்த ஞாயிறு மீன் அண்ணன் இரண்டு வாளி வைத்திருந்தார். ஒன்றில் செதில், இன்னொன்றில் கட்லாத் தோல். தோலில் சுண்ணாம்பே இல்லை, அமிலமும் அவ்வளவு வேண்டாம், கொழுப்பு மட்டும் அதிகம். இரண்டு நாளாகச் சுண்ணாம்பு நீரில் கிடக்கிறது. நாளைக்கு அலச வேண்டும்.